ஸ்ட்ராஸ்பர்க் பேராலயமும் அதன் ஒற்றைக் கோபுரமும்: காணச் செல்வோர்க்கு ஒரு வரலாற்று முன்னுரை

திருச்சபை வரலாற்றைப் பயில்வோருக்குச் சில நகரங்களின் பெயர்கள் பாடநூலின் வழியாகவே அறிமுகமாகின்றன. விட்டன்பர்க், சூரிக், ஜெனீவா ஆகியவற்றின் வரிசையில் ஸ்ட்ராஸ்பர்க்கும் ஒன்று. மேற்படிப்பிற்கோ, மாநாடுகளுக்கோ ஐரோப்பா செல்லும் நம் குருமாரிலும் மாணவரிலும் சிலர் அந்நகருக்குப் போகும் வாய்ப்பைப் பெறுகின்றனர். 1965இல் நிறுவப்பெற்ற லுத்தரன் சபைகளின் ஒருமைப்பாட்டு ஆய்வு நிறுவனமும் அங்கேயே உள்ளது. பாரிஸிலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஸ்ட்ராஸ்பர்க் வந்துவிடும். நகரினுள் நுழைவோர் கண்ணில் முதலில் படுவது 142 மீட்டர் உயரமுள்ள பேராலயக் கோபுரம். அதன்மீது ஏறிப் படமெடுத்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுதல் எளிது. ஆயின், இவ்வாலயத்தை யார் கட்டினர், யார் கையில் இது இருந்தது, எத்தனை முறை கைமாறியது என்பவற்றை அறியாது ஏறுவோர் உயரத்தைக் காண்பரேயன்றி ஆலயத்தைக் காணார். ஆலயம் யாருக்கு உரியது என்ற கேள்வி நமக்கும் அயலானதன்று. எனவே, அங்குச் செல்லத் திட்டமிடுவோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகின்றோம்.

1. கட்டியவர்கள் யார்?

1015ஆம் ஆண்டு பேராயர் வெர்னர் இவ்விடத்தில் ஒரு பெரிய ஆலயத்திற்கு அடித்தளமிட்டார். அவ்வாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பலமுறை தீக்கு இரையாகவே, அந்நூற்றாண்டின் இறுதியில் புதிய கட்டடப் பணி கிழக்குப் பகுதியில் தொடங்கியது. நடுக்கூடம் 1275ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. 1277இல் மேற்கு முகப்பின் பணி ஆரம்பமாயிற்று. வோஸ் மலைகளிலிருந்து வெட்டப்பட்ட செம்மணற்கல்லே இதற்குப் பயன்பட்டது. முகப்புப் பணியோடு இணைத்துப் பேசப்படும் எர்வின் என்னும் கட்டடக் கலைஞர் 1318இல் இறந்தார்.

இடையில் நிகழ்ந்த ஒன்றை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். 1262இல் நகரத்தாருக்கும் அவர்தம் பேராயருக்கும் இடையே ஹவுஸ்பெர்கன் என்னுமிடத்தில் போர் மூண்டது. நகரத்தார் வென்றனர். அதன் விளைவாக ஸ்ட்ராஸ்பர்க் தன்னாட்சி பெற்ற நகரமாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் பேராலயக் கட்டுமான நிதியின் நிர்வாகமும் நகர மன்றத்தின் கைக்கு வந்தது. ஆகவே, இம்முகப்பும் இக்கோபுரமும் பேராயரின் பெருமைச் சின்னங்கள் என்பதைவிட, நகர மக்களின் காணிக்கையாலும் நகர மன்றத்தின் மேற்பார்வையாலும் எழுந்தவை என்பதே பொருந்தும். கட்டுமானப் பணிக்கென அமைந்த அந்தப் பழைய நிறுவனம் இன்றும் இயங்கி, கற்களைச் செப்பனிட்டு வருகிறது.

முகப்பின்மேல் இரு கோபுரங்கள் எழுவதாகவே திட்டம் இருந்தது. பின்னர் அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளி அடைக்கப்பட்டு மணிக்கூடமாயிற்று. 1399 முதல் உல்ரிக் என்பவர் வட பகுதியில் எண்கோண அடுக்கைக் கட்டினார். 1419இல் அவர் மறைந்தபின் கொலோனைச் சேர்ந்த யோவான் ஹுல்ட்ஸ் கூர்முடியை எழுப்பி 1439இல் முடித்தார். தென்கோபுரம் எழவேயில்லை. 1647 முதல் 1874 வரை, அதாவது 227 ஆண்டுகள், உலகின் மிக உயர்ந்த கட்டடம் இதுவாகவே இருந்தது. பாதி நிறைவேறிய திட்டம் ஒன்றே உலகின் உச்சமாய் நின்றது என்பது சிந்தனைக்குரியது.

2. கல்லாலான பிரசங்க பீடமும் மரத்தாலான பீடமும்

ஆலயத்தினுள் நுழைந்ததும் நாம் முதலில் நிற்க வேண்டிய இடம், 1485ஆம் ஆண்டளவில் ஹான்ஸ் ஹம்மர் செதுக்கிய கற்பிரசங்க பீடம். இது கைலர் என்னும் புகழ்பெற்ற பிரசங்கியாருக்காகச் செய்யப்பட்டது. அவர் 1478 முதல் 1510இல் இறக்கும் வரை இவ்வாலயத்தில் மக்கள் மொழியில் பிரசங்கித்தார். குருமாரின் சீர்கேடுகளையும், செல்வரின் பேராசையையும், நகர மன்றத்தின் அநீதியையும் ஒருங்கே கண்டித்தார். திருச்சபை உள்ளிருந்தே திருந்த வேண்டும் என்று ஏங்கிய அவர், அது நடவாததைக் கண்டு மனமுடைந்தே மறைந்தார் எனலாம். சீர்திருத்தம் 1517இல் திடீரெனத் தோன்றிய ஒன்றன்று என்பதற்கு இப்பீடமே சான்று.

1521இல் இப்பேராலயத்தைச் சார்ந்த பங்கின் குருவாகிய மத்தேயு ஸெல் என்பவர் ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தை விளக்கிப் பிரசங்கிக்கத் தொடங்கினார். கேட்போர் கூட்டம் பெருகிற்று. கைலரின் பீடத்தைத் தமக்குத் தரவேண்டும் என்று அவர் கேட்டபோது பேராலய அதிகாரிகள் மறுத்தனர். உடனே நகரின் தச்சர்கள் எடுத்துச் செல்லத்தக்க மரப்பீடம் ஒன்றைச் செய்தனர். பிரசங்க வேளையில் மக்கள் அதைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைப்பர். பிரசங்கம் முடிந்ததும் எடுத்துச் செல்வர். கற்பீடம் இன்றும் நிற்கிறது. மரப்பீடம் இன்று இல்லை. ஆயினும் நகரின் சமய வாழ்வை மாற்றியது மரப்பீடமே.

ஸெல்லை நினைக்குமிடத்து அவர்தம் துணைவியாரை மறத்தல் ஆகாது. 1523 டிசம்பரில் ஸெல், கத்தரீனா என்னும் நகரப் பெண்மணியை மணந்தார். அவ்வாண்டு இந்நகருக்கு வந்து சேர்ந்த மார்ட்டின் பூட்சரே மணத்தை நடத்திவைத்தார். குருவின் திருமணத்தைப் பழித்தோருக்கு மறுமொழியாகக் கத்தரீனா தாமே ஒரு நூல் எழுதி 1524இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே கென்சிங்கன் ஊரிலிருந்து விசுவாசத்தினிமித்தம் துரத்தப்பட்டு வந்தோரைத் தம் இல்லத்தில் ஏற்று உணவளித்தார். 1548இல் கணவர் அடக்கம் செய்யப்பட்ட நாளில் கூடியிருந்த மக்கள் முன் பேசினார். பெண்களின் ஊழியத்தைப் பற்றி நம் பேரவைகள் விவாதித்த காலங்களில் இவர் பெயர் போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை என்பது எம் கருத்து.

3. வாக்கெடுப்பால் வந்த மாற்றம்

1524 பெப்ருவரியில் இப்பேராலயத்தின் ஒரு சிற்றாலயத்தில் ஜெர்மன் மொழியில் முதன்முறையாகத் திருவிருந்து ஆராதனை நடைபெற்றது. அவ்வாண்டின் இறுதியில் பூட்சர் ஒரு நூலை வெளியிட்டு, வழிபாட்டில் செய்யப்பட்ட மாற்றங்களின் காரணங்களை விளக்கினார். பலிபீடத்திற்குப் பதிலாக மேசை, மக்களை நோக்கி நிற்கும் ஊழியர், தாய்மொழியில் மன்றாட்டு, சபையார் அனைவரும் பாடும் பாடல் என்பன அவற்றுள் அடங்கும். இன்று நம் சபைகளில் இயல்பாகத் தோன்றும் இவ்வழக்கங்கள் அன்று பெரும் புரட்சியாயிருந்தன.

1529 பெப்ருவரி 20ஆம் நாள் தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். நகரில் பழைய பூசை நிறுத்தப்பட வேண்டும் என்று பெரும்பான்மையோர் தீர்மானித்தனர். அதனைத் தொடர்ந்து பலிபீடங்களும் சொரூபங்களும் ஆலயத்தினுள்ளிருந்து அகற்றப்பட்டன. 1530இல் இந்நகரம் வேறு மூன்று நகரங்களோடு சேர்ந்து 'நால்நகர் விசுவாச அறிக்கை'யைப் பேரரசர்முன் சமர்ப்பித்தது. 1538 முதல் 1541 வரை கால்வின் இங்குத் தங்கி, பிரெஞ்சு அகதிகளின் சபையை மேய்த்தார். அவருடைய 'கிறிஸ்தவ சமய போதனை' நூலின் விரிந்த பதிப்பு 1539இலும், ரோமர் நிருப விளக்கவுரை 1540இலும் இங்கிருந்தே வெளிவந்தன. ஜெனீவாவின் ஒழுங்குகள் பலவற்றிற்கு ஸ்ட்ராஸ்பர்க்கே நாற்றங்கால்.

1548இல் பேரரசர் விதித்த இடைக்கால ஒழுங்கை ஏற்க மறுத்த பூட்சர், 1549இல் நாடு கடந்து இங்கிலாந்து சென்றார்; 1551இல் கேம்பிரிட்ஜில் காலமானார். ஆங்கிலத் திருச்சபையின் ஜெபநூலைக் குறித்து அவர் எழுதிய ஆய்வுரை, 1552ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தன் தடத்தைப் பதித்தது. சீர்திருத்த சபைகளில் திடப்படுத்தல் என்னும் ஒழுங்கிற்கு வடிவம் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஆங்கில மிஷன்களின் வழியாக ஜெபநூலைப் பெற்ற நம் தமிழ்ச் சபைகளும் இவ்வகையில் அவருக்குக் கடன்பட்டுள்ளன.

1550 முதல் சுமார் பத்தாண்டுகள் பேராலயத்தில் மீண்டும் பூசை நடந்தது. பின்னர் அது திரும்பவும் சீர்திருத்த சபையாரிடம் வந்தது. அக்காலத்திலேயே, 1574இல், கணிதப் பேராசிரியர் தசிப்போடியுஸ் என்பவரின் தலைமையில் மாபெரும் வானியல் கடிகாரம் நிறைவுற்றது. கோப்பர்நிக்கஸின் உருவப்படம் அதில் இடம்பெற்றது. இப்போதுள்ள இயந்திரம் 1842இல் ஷ்வில்கே என்பவரால் புதுப்பிக்கப்பட்டதாயினும், அதைத் தாங்கும் கூடு பழையதே. சொரூபங்களை அகற்றியவர்களே இத்துணை எழில்மிக்க கடிகாரத்தையும் வைத்தனர் என்பதால், அவர்களைக் கலையின் பகைவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

4. தென்வாசலின் இரு பெண்களும் மாலைக் கொம்பும்

ஆலயத்தின் தென்வாசலில் 1230ஆம் ஆண்டளவில் செதுக்கப்பட்ட இரு பெண்ணுருவங்கள் உள்ளன. மூலச் சிலைகள் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு, வாசலில் அவற்றின் படிகள் நிற்கின்றன. ஒருத்தி முடிசூடி, சிலுவையும் கிண்ணமும் ஏந்தி நிமிர்ந்து நிற்கிறாள், அவள் திருச்சபை. மற்றவள் கண்கள் கட்டப்பட்டு, ஈட்டி முறிந்து, நியாயப்பிரமாணப் பலகை கையினின்று நழுவத் தலைகவிழ்ந்து நிற்கிறாள், அவள் ஜெபாலயம். சிற்பி இரண்டாமவளையும் அழகுடனே வடித்துள்ளார். காண்போர் மனம் அவள்பால் இரங்குவதும் உண்டு. ஆயினும் அச்சிலை போதித்த இறையியல் எத்தகைய கனி தந்தது என்பதை நாம் கேட்காமல் விட இயலாது.

1349 பெப்ருவரி 14ஆம் நாள், கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் பொய்க் குற்றச்சாட்டின்பேரில், இந்நகரின் யூதர்கள் பெருந்தொகையினர் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்திலேயே எரிக்கப்பட்டனர். அப்போது கொள்ளைநோய் இந்நகரை எட்டியிருக்கவும் இல்லை. அந்நூற்றாண்டின் இறுதி முதல் யூதர் எவரும் நகரினுள் குடியிருக்க அனுமதிக்கப்படவில்லை. பகலில் வணிகத்திற்கு வரலாம். மாலையில் பேராலயக் கோபுரத்தினின்று ஒரு கொம்பு ஊதப்படும். அவ்வோசை கேட்டதும் வெளியேற வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை இவ்வழக்கம் நீடித்தது.

இங்குதான் நம் மரபினர் நாணத்தோடு நிற்க வேண்டியுள்ளது. 1529இல் பூசையை நிறுத்திய நகரம் கொம்பை நிறுத்தவில்லை. அகதிகளுக்கு இடமளித்த நகரம் யூதருக்கு இரவில் இடமளிக்கவில்லை. யூதர்களின் தலைவராகிய ரோஸ்ஹைம் யோசல் இந்நகரில் கப்பீட்டோவின் பிரசங்கங்களைக் கேட்டவர். 1537இல் கப்பீட்டோ அவருக்காக லுத்தருக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதினார். லுத்தரோ அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். மறு ஆண்டு ஹெஸ்ஸே நாட்டு அரசர் ஆலோசனை கேட்டபோது, யூதர்மேல் கடுங்கட்டுப்பாடுகளை விதிக்குமாறு எழுதிக்கொடுத்தவர்களுள் பூட்சரும் ஒருவர். ரோமர் நிருபத்தை விளக்கிய பிரசங்கத்தால் பிறந்த சபை, அந்நிருபத்தின் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களைத் தன் நகரின் வாசலுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. சீர்திருத்தம் எங்கு நின்றுபோயிற்று என்பதைக் கோபுரத்திலிருந்து ஒலித்த அக்கொம்பு நமக்கு உணர்த்துகிறது. நம் சூழலில் யாருக்கு எதிராக எந்தக் கொம்பு ஊதப்படுகிறது, சேரிக்கும் ஊருக்கும் நடுவே நாம் எந்தக் கோட்டைத் தொடாமல் விட்டுள்ளோம் என்னும் கேள்வி இவ்விடத்தில் தானாகவே எழும்.

5. கைமாறிய ஆலயம்

1681 செப்டம்பர் 30ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியிடம் சரணடைந்தது. பேராலயம் கத்தோலிக்கப் பேராயரிடம் ஒப்படைக்கப்பட்டது. சீர்திருத்த சபையார் தொமினிக்கத் துறவியரின் பழைய ஆலயத்தைத் தங்கள் முதன்மை ஆலயமாக்கிக்கொண்டனர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எழிலார்ந்த நடுத்திரைச் சுவர், அதுகாறும் சீர்திருத்த சபையார் கையில் தப்பியிருந்து, 1682இல் புதிய உரிமையாளரால் இடிக்கப்பட்டது. அழிவின் பழியை ஒரு சபையின்மேல் மட்டும் சுமத்துவோர் இதனை அறிதல் நலம்.

அடுத்து வந்தது புரட்சி. 1793இல் பேராலயம் 'பகுத்தறிவின் கோவில்' எனப் பெயரிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் 235 சிலைகள் உடைக்கப்பட்டன. தாவரவியல் அறிஞர் ழான் ஹெர்மான் என்பவர் எஞ்சியவற்றுட் பலவற்றைத் தாவரத் தோட்டத்தில் புதைத்துக் காத்தார். உயர்ந்த கோபுரம் சமத்துவக் கொள்கைக்கு முரணானது, ஆகவே இடிக்கப்பட வேண்டும் என்ற குரலும் எழுந்தது. பூட்டுத் தொழிலாளர் ஒருவர், இடிப்பதற்குப் பதிலாகக் கோபுரத்தின்மேல் புரட்சியின் சின்னமாகிய சிவப்புத் தொப்பி ஒன்றைத் தகரத்தால் செய்து மாட்டலாம் என்று யோசனை கூறினார். 1794இல் அவ்வாறே செய்யப்பட்டது. கோபுரம் பிழைத்தது.

1870இல் ஜெர்மானியப் படையின் பீரங்கிகள் பேராலயத்தின் கூரையை எரித்தன. சீர்திருத்த சபையாரின் ஆலயமும், அதனை அடுத்திருந்த நூலகமும், அதிலிருந்த அரிய கையெழுத்துப் படிகளும் அடியோடு அழிந்தன. 1940இல் நகரைக் கைப்பற்றிய ஹிட்லரின் ஆட்சி, பேராலயத்தை எல்லா வழிபாட்டிற்கும் மூடியது. வண்ணக் கண்ணாடிகள் உப்புச் சுரங்கம் ஒன்றில் மறைத்துவைக்கப்பட்டு, போர் முடிந்தபின் மீட்கப்பட்டன. இப்பேராலயத்தின்மேல் பிரான்சின் கொடி பறக்கும் வரை ஓயோம் என 1941 மார்ச்சில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லெக்லேர் என்னும் தளபதியும் அவர்தம் வீரரும் ஆணையிட்டிருந்தனர். 1944 நவம்பர் 23இல் அக்கொடி ஏற்றப்பட்டது. பேராயர், நகர மன்றம், மன்னர், புரட்சிக் குழு, பேரரசு, குடியரசு ஆகிய யாவும் இக்கோபுரத்தைத் தத்தம் கொடிக்கம்பமாகவே எண்ணின. இன்று கட்டடம் பிரெஞ்சு அரசின் உடைமை. வழிபாடு கத்தோலிக்கத் திருச்சபையினுடையது.

6. கண்ணுக்குத் தெரியாத அடித்தளம்

கோபுரத்தைத் தாங்குபவை நிலத்தடி நீரில் ஊன்றப்பட்ட மரத்தூண்களாயிருந்தன. நீரில் மூழ்கியிருக்கும் வரை மரம் அழுகாது. ரைன் நதியின் போக்கு ஒழுங்குபடுத்தப்பட்டபின் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. தூண்கள் காற்றுப்பட்டு அழுகலாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபுரத்தை ஒட்டிய தூணில் விரிசல்கள் தோன்றின. கட்டடப் பொறுப்பாளர் யோவான் க்னௌத் கோபுரத்தின் பளுவைத் தற்காலிகமாகத் தாங்கவைத்து, பழைய அடித்தளத்தின் இடத்தில் காங்கிரீட் அடித்தளம் அமைக்கும் முறையை வகுத்தார். முதல் உலகப் போருக்குப்பின் அல்சாஸ் நாடு பிரான்சிடம் வந்தபோது, ஜெர்மானியராகிய அவர் நகரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1924இல் அவர் மறைந்தார். பணி 1926இல் நிறைவுற்றது. இன்று கோபுரம் நிற்பது, அந்நகரால் வெளியேற்றப்பட்ட ஒருவரின் உழைப்பின்மேல்.

7. பயண ஒழுங்கு

இவற்றை மனத்திற்கொண்டு செல்வோர், ஒரு முழுநாளையாவது ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். காலையில் மேற்கு முகப்பை வெளியிலிருந்து நிதானமாகக் காண்க. பின்னர் உள்ளே சென்று பிரசங்க பீடத்தருகே நின்று, ரோமர் நிருபத்தின் ஓர் அதிகாரத்தை அமைதியாய் வாசிக்கலாம். கிழக்கே, 1956இல் ஐரோப்பிய மன்றம் அளித்த கண்ணாடிச் சாளரத்தையும் காண்க. நண்பகல் 12.30க்குக் கடிகாரத்தில் அப்போஸ்தலர் வரிசையாகக் கிறிஸ்துவின்முன் செல்வதும், சேவல் மூன்றுமுறை கூவுவதும் நிகழும். கூட்டம் மிகுமாதலால் முன்னதாகவே இடம்பெற வேண்டும்.

அதன்பின் தென்வாசலுக்கும் அருங்காட்சியகத்திற்கும் செல்க. கோபுரத்தை இறுதியாக வைத்துக்கொள்வதே நன்று. சுழற்படிகள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை. 66 மீட்டர் உயரத்திலுள்ள மேடை வரை செல்லலாம். காற்றும் மழையும் மிகுந்த நாட்களில் வழி அடைக்கப்படுவதுண்டு. முதியோரும் இருதய நோயுள்ளோரும் தவிர்ப்பது நலம். இளைஞராயிருந்த கெத்தே, உயரத்தைக் குறித்த அச்சம் நீங்கும்பொருட்டு இக்கோபுரத்தில் பலமுறை ஏறியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். கொம்பு ஊதப்பட்ட உயரத்தில் நிற்கிறோம் என்பதை நினைவில் வைத்து நகரை நோக்குக.

இறங்கியபின், சிறிது தூரம் நடந்தால் தூய தோமா ஆலயத்தை அடையலாம். பூட்சர் ஊழியம் செய்த அவ்வாலயம் இன்றும் லுத்தரன் சபையாருடையது. அங்குள்ள 1741ஆம் ஆண்டு ஆர்கனை ஆல்பர்ட் ஷ்வைட்சர் வாசித்துள்ளார். டிசம்பரில் செல்வோர் பேராலயத்தைச் சூழ்ந்த கிறிஸ்துமஸ் சந்தையைக் காண்பர். தூய நிக்கொலாவின் சந்தை 1570இல் சீர்திருத்த சபையாரால் கிறிஸ்து பாலனின் சந்தையாக மாற்றப்பட்ட வரலாறு அதற்கு உண்டு. ஆனால் அமைதியாய்க் காண விரும்புவோருக்கு அக்காலம் ஏற்றதன்று.

முடிவுரை

ஆலயம் யாருக்கு உரியது? ஸ்ட்ராஸ்பர்க்கின் ஆயிரமாண்டு வரலாற்றில் இக்கேள்விக்குப் படைகளும், வாக்குகளும், அரசாணைகளும் மாறிமாறி விடையளித்தன. எந்த விடையும் நிலைக்கவில்லை. பேராலயத்தை இழந்த பின்னும் அந்நகரின் சீர்திருத்த சபை இறந்துவிடவில்லை. தாய்மொழி வழிபாடும், சபையார் பாடலும், மறைக்கல்வியும் அவர்களோடு சென்றன. அவை கோபுரத்தில் குடியிருந்தவை அல்லவே. நம் நாட்டில் ஆலயச் சொத்துக்களின்பேரில் சபையாருக்குள்ளேயே வழக்குகள் மலிந்து, ஆயரும் மூப்பரும் நீதிமன்றப் படிகளில் நிற்கும் காட்சியை நாம் அறிவோம். புதிய கோபுரங்களுக்கு நிதி திரட்டுவதில் நாம் காட்டும் ஊக்கமும் சிறிதன்று. கோபுரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தச்சர்கள் செய்த மரப்பீடத்தையும், மாலையில் ஒலித்த கொம்பையும், நீர்வற்றி அழுகிய தூண்களையும் எண்ணிப் பார்த்தபின் கட்டுவோமாக என்பதே நம் விண்ணப்பம்.